நான்காம் கட்டம்

செந்தூல், சி புளோக், பதினாறு மாடி.
கீழ்த்தள மண்டபத்து மின்விசிறியில்
யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டிய பலூன்
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.
எட்டரைக்கு என்று ஒட்டிய கூட்டத்தை
ஒன்பதுக்குத் தொடங்கினோம்.
குறிப்பெழுதுவது என் வேலை.
என் கையெழுத்து அழகென்று
யாரோ ஒருமுறை சொன்னதற்கான தண்டனை.

தாளில் நான்கு கட்டம்.
எண். விஷயம். பேசியவர்.
நான்காவதில்: யார் செய்வார், எந்தத் தேதிக்குள்.

முதல் விஷயம் லிப்ட்.
ஒன்பதாம் மாடியில்
கதவைப் பாதி திறந்தபடி
நாற்பத்தொரு நாளாய் நிற்கிறது.

லூர்து எழுந்தார்.
லிப்ட் என்று தொடங்கியவர்
மூன்றாம் வாக்கியத்தில் நாடாளுமன்றத்தில் இருந்தார்.
சந்தனசாமி விடுவாரா?
"உங்க ஆளுங்க இருந்தப்ப மட்டும் பறந்துச்சாக்கும்!"
பழைய தேர்தல் ஒன்றின் எண்கள்
தொகுதி வாரியாக அவர் நாக்கில் இருந்தன.
ரெண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்றது பின்வரிசை.
ஆ கியாட் மலாயில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
காக் நோரைனியிடம் உடனே மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் கட்டத்தில் பெயர்கள் நெரிந்தன.
நான்காவது,
துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி.

எனக்கும் சொல்ல இருந்தது.
தம்பிக்குக் கிடைக்காத பல்கலைக்கழக இடம்,
அதற்கு யார் யார் பொறுப்பென்று
பதினொரு வருடமாகக் குளியலறையில்
ஒத்திகை பார்த்த பேச்சு.
பேனாவை மூடி வைத்தேன்.
வாய் திறந்தேன்.

டக்.
படிக்கட்டில் நாற்காலிக் கால் இடிக்கும் சத்தம்.
மறுபடி, டக்.
பூபாலன் ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வந்துவிட்டார்.
பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிப்போகிறவர்கள்
ஆறாம் மாடியில் வாடகைக்கு இருக்கும்
நேப்பாளத்துப் பையன்கள் இருவர்.
இந்த நாட்டில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.
பதின்மூன்றாம் மாடி வரை
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார்கள்.
அந்தச் சத்தம் தேயும்வரை
மண்டபத்தில் பலூன் மட்டும் பேசியது.

காக் நோரைனிதான் கேட்டார்:
லிப்ட் கம்பெனிக்கு நம் பாக்கி எவ்வளவு?

யாருக்கும் தெரியவில்லை.
பொருளாளர் பிஸ்கட் டின்னைத் திறந்து ரசீதுகளைக் கூட்டினார்.
ஆறாயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி.
பராமரிப்புப் பணம் கட்டாதவர் பட்டியலில்
லூர்து நான்கு மாதம்.
சந்தனசாமி நான்கு மாதம்.
ஒரு விஷயத்தில் ஒற்றுமை என்றார் ஆ கியாட்.
எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன்,
அடுத்த வரியில் என் பெயர் வரும்வரை.

அதன் பிறகு கேள்விகள் சிறுத்தன.
யார் கையெழுத்து? எந்த மாடி அலுவலகம்?
தவணை கேட்டால் தருவார்களா?
லூர்து அவருடைய ஆட்களிடம் பேசுவார்.
சந்தனசாமி இவருடைய ஆட்களிடம்.
திங்கட்கிழமை, மாநகர் மன்றம்.
சந்தனசாமியின் காடி பிரேக்குக்காகப் பட்டறையில் கிடப்பதால்
இருவரும் லூர்துவின் காடியில்.
வழியில் அரசியல் பேசக்கூடாது என்றும் எழுது
என்றார் காக் நோரைனி.

எழுதவில்லை.
ஜாலான் ஈப்போவில் காலை எட்டு மணி நெரிசல்;
பேசாமல் எப்படிப் போவது?
கோபம் இல்லாதிருந்தால்
இந்த இரண்டு பேரும் கூட்டத்துக்கே வந்திருக்கமாட்டார்கள்.
போய்ச் சேர்ந்தால் போதும்.

நாற்காலி தூக்க முறை போட்டோம்.
செவ்வாய், ஆ கியாட்டும் அவர் மகனும்.
வியாழன், என் பெயரை நானே எழுதினேன்,
அழகில்லாத கையெழுத்தில்.

தாளைத் திருப்பி, பின்பக்கம்,
யாருக்கும் காட்டாமல் தம்பியின் விஷயத்தையும் குறித்தேன்.
எண் போடவில்லை.
நான்காம் கட்டத்தில் என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.
ஆனால் இப்போது அங்கே ஒரு கட்டம் இருக்கிறது.

பதினொன்றாம் மாடிக்கு நடந்து ஏறினேன்.
ஒன்பதில், பாதிக் கதவுக்குள்
ஆளில்லாத லிப்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அதன் சாவி யாரிடம்?
நாளைக்குக் கேட்க வேண்டும்.