மூலைப் பெட்டி

காரைக்காலில், பயிற்சி மையத்தின் மூன்றாவது பெஞ்சில்,
ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன்:
ரீயூனியன், பிரான்சின் கடல்கடந்த பகுதி, தலைநகர் சேன் தெனி.
எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.
சுவர் வரைபடத்தில் மொரீஷியசுக்குப் பக்கத்தில்
ஆணி அடித்த இடம் அது.

எழுத்தர் தேர்வில் இரண்டு முறை தோற்றேன்.
பிறகு சவரிராயனைக் கட்டிக்கொண்டு
அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள்ளேயே குடிவந்துவிட்டேன்.

இப்போது வயது நாற்பது. ஊர் லெ த்ராம்ப்ளே.
பள்ளிக்கூட உணவகத்தில் தட்டு கழுவி முடித்து
மறுபடியும் படிக்கிறேன், நகராட்சி எழுத்தர் வேலைக்கு.
உலகம் அதேதான்.
நடுவில் உட்கார்ந்திருக்கும் நாடு மட்டும் வேறு.
அன்று கங்கை எங்கே பிறக்கிறது என்றார்கள்.
இன்று லுவார்.
பிரான்சின் மிக நீண்ட நில எல்லை எந்த நாட்டோடு?
ஸ்பெயின் என்று எழுதி அடித்தேன். பிரேசிலாம்.
கயானாக் காட்டை மறந்துபோனேன்.

புத்தகத்தில் பிரான்ஸ் அறுகோணமாய் நிற்கிறது.
கீழ்மூலையில் வரிசையாக ஐந்து பெட்டிகள்.
நான்காவதில் நாங்கள்.
அளவுகோல் வேறு, கடல் கிடையாது,
காற்று நுழைய வழியில்லை.
ஒன்பது லட்சம் பேரும் ஓர் எரிமலையும்
தீப்பெட்டிக்குள் பொன்வண்டு மாதிரி.

தேர்வுக்கு முந்தின இரவு மலை வாய் திறந்தது.
சவரிராயனுக்குச் சாலைத்துறையில் வேலை.
இரண்டு மணிக்குப் போனவன் நான்கு மணிக்குக் கூப்பிட்டான்:
"ரோட்டைத் தாண்டிடுச்சு. கடலுக்கு இன்னும் அரை கிலோமீட்டர்தான்.
நீ வடக்கே போக முடியாது."

நடப்பு நிகழ்வுகள் என்கிற பாடத்தை
அதுவரைக்கும் செய்தித்தாளில்தான் படித்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ழினெத் தெஷே சாவியை எடுத்தாள்.
"தீவுதானே. இந்தப் பக்கம் மூடினால் அந்தப் பக்கம்."
வனிலா ஏற்றும் வண்டி, இருக்கையெல்லாம் வாசனை.
சேன் ஜோசப், சேன் பியேர், சேன் லூயி, சேன் லே, சேன் போல் என்று
அவள் புனிதர்களை ஒவ்வொருவராகக் கடந்துகொண்டிருக்க
நான் வாய்க்குள்ளே:
மங்கோலியா உலான் பாட்டர்,
புர்கினா பாசோ வாகடூகு,
கஜகஸ்தான் அஸ்தானா, அப்புறம் நூர்சுல்தான்,
அப்புறம் மறுபடியும் அஸ்தானா.
"அங்கே எரிமலை உண்டா?" என்றாள் ழினெத்.
தெரியாது. அதைக் கேட்கமாட்டார்கள்.

விடைத்தாளின் மேல்மூலையில் பெயரை எழுதி
மடித்து, எச்சில் தொட்டு ஒட்டச் சொன்னார்கள்.
திருத்துகிறவருக்கு நான் யாரென்று தெரியக்கூடாதாம்.
ஒட்டினேன். இன்னொரு மூலை, இன்னொரு பெட்டி.

பதினேழாவது கேள்வி:
ரீயூனியனின் பரப்பளவு, சதுர கிலோமீட்டரில்.

2512. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
ஆனால் மணி பத்தேகால்.
இந்நேரம் தண்ணீரைத் தொட்டிருக்கும்.
கடல் கொதித்து, வெள்ளையாய் ஆவி எழும்பி,
எந்தப் பட்டாவிலும் இல்லாத ஒரு கரை
சவரிராயன் பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டிருக்கும்.
பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கியே பிடித்திருந்தேன்.
கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார்.

2512 என்று எழுதினேன்.
எனக்கு மதிப்பெண் வேண்டும்.

இரவு அவன் வந்தான், சட்டையில் கந்தக நாற்றம்,
ஒரு பூட்ஸின் அடித்தோல் உருகிப்போயிருந்தது.
"எவ்வளவு?" என்றேன்.
"எது?"
"புது நிலம்."
"உங்க ஸ்கூல் மைதானம் இருக்கும். காலையில மாறிடும்."
சாப்பிடாமலே தூங்கிவிட்டான்.

புத்தகத்தை எடுத்து, நான்காவது பெட்டியில்,
தீவின் தென்கிழக்கே, அந்த மைதானத்தை வரையப் பார்த்தேன்.
அந்த அளவுகோலில் பென்சில் முனையே
நாலு கிராமம் அகலம்.
கோடு பெட்டியைத் தாண்டி
வெளியே போய்விட்டது.