காலி

ஏழாம் எண் கேமராவை
விடத்தேரை மரத்தில் கட்டியிருக்கிறார்கள், முழங்கால் உயரத்தில்.
பின்னால் சுற்றுச்சுவர். சுவருக்கு அப்பால் வேளச்சேரி:
பிரியாணிக் கடை, பல் மருத்துவர், இரண்டு ஏடிஎம்.
முன்னால் கொஞ்சம் புல்,
ஒரு ஒற்றையடித் தடம். யார் போட்டதென்று தெரியாது.

திங்கட்கிழமை முனிரத்தினம் அண்ணன்
மெமரி கார்டை டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்துக் கொண்டுவருவார்.
தயிர்சாத வாசனையோடு
எனக்குக் காடு வந்து சேரும்.

என் வேலை பெயர் இடுவது.
மான். மான். நாய். மான்.
கீரி. நாய். முனிரத்தினம் அண்ணனின் செருப்பு.
லென்சில் ஒட்டிக்கொண்ட பல்லி, ஊரையே விழுங்கும் அளவில்.
மான், வாயில் பால் கவர்.
மற்றதெல்லாம் ‘காலி’.

போன வாரம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு படங்கள்.
காலி மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
“காலியைப் பார்க்காதே, அள்ளிப் போடு,
ஒப்பந்தத்தில் காலிக்குக் காசில்லை”
என்பாள் தபித்தா.

பேட்டரி மாற்றினால் தேதி செத்துப்போகும்.
அண்ணன் திரும்ப வைப்பதில்லை;
பொத்தான் சின்னது, விரல் பெரிது.
அதனால் எங்கள் காட்டில் எல்லா மிருகமும்
2012 ஜனவரி ஒன்றாம் தேதிதான் நடக்கின்றன.
அன்றைக்கு நான் திருத்தணியில், பத்தாம் வகுப்பு,
அம்மை போட்டுப் படுத்திருந்தேன். தலைமாட்டில் வேப்பிலை.
எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு முயல்
காதைச் சொறிந்துகொண்டிருந்ததாம்.

படத்தின் கீழ்ப்பட்டையில் நிலாவும் வரும்.
பட்டையில் வளர்பிறை; மேலே புல்லில் அமாவாசை இருட்டு.
வெப்பம் மட்டும் பொய் சொல்லாது:
முப்பத்தோரு டிகிரி, நடு ராத்திரியில்.

நரி இருக்கிறது என்கிறார் அண்ணன்.
“ஊளை கேக்குதும்மா, கடைசி ரயில் போன பின்னாடி.
ரயிலுக்குத்தான் பதில் சொல்லுதோ என்னவோ.”
கேட்டதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
இரண்டு வருஷமாக
நரி: பூஜ்யம்.

நேற்று காலிகளை அள்ளும்போது
ஒன்றில் கை நின்றது.
புல் சாய்ந்திருந்தது.
காற்றென்றால் எல்லாம் ஒரே பக்கம் சாயும்.
இது நடுவில் வகிடெடுத்த மாதிரி.
இப்போதுதான் போயிருக்கிறது, எதுவோ.
கேமரா விழிக்க அரை விநாடி ஆகும்.
அந்த அரை விநாடியைத் தெரிந்துவைத்திருக்கிற எதுவோ.

காலிக்குள் திரும்பிப் போனேன்.
போன வாரத்துக் காலி, அதற்கு முந்தின வாரத்துக் காலி.
ஒன்றில் தடத்தின் மேல் புழுதி இன்னும் அடங்கவில்லை.
ஒன்றில் சிலந்தி வலை, குறுக்கே, முழுசாக;
அடுத்ததில் வலை இல்லை.
ஒன்றில், வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில்
ஒரு வால் நுனி. கறுப்பு.
நாய்க்கு வால் அப்படித் தொங்காது.

‘நரி?’ என்று அடித்தேன்.
கேள்விக்குறி செல்லாது என்றது கணினி.

கேள்விக்குறியை எடுத்தால்
கூண்டு வரும், கழுத்துப்பட்டை வரும்,
டார்ச்சோடு நாலு பேர் வருவார்கள்,
இன்னும் பத்துக் கேமரா.
எடுக்காவிட்டால் அது இல்லவே இல்லை;
இல்லாததன் இடத்தில்
நாளைக்கு யாராவது வண்டி நிறுத்துவார்கள்.

மணி எட்டரை. தபித்தா எப்போதோ போய்விட்டாள்.
ரொம்ப நேரம் அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ‘காலி’ என்று போட்டேன்.
சரியா என்று கேட்காதீர்கள்.

கேட்டில் அண்ணன் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார்.
“என்னம்மா, எதுனா மாட்டிச்சா?”
“மாட்டலண்ணா.”
மூடியில் டீ ஊற்றி நீட்டினார்.
“அந்தத் தேதி வெக்கிறது எப்படின்னு ஒருக்கா சொல்லிக் குடேன்.
வாரவாரம் தப்பாவே விழுது.”

“வேணாம்ணா. அப்படியே இருக்கட்டும்.”

சுவருக்கு அப்பால் ரயில் போயிற்று.
கடைசி ரயில் இல்லை.