ஒரு மூலை குறைந்த சதுரம்

முந்நூறு ஷில்லிங்தான் இருக்கிறது என்று
முதலிலேயே சொல்லிவிட்டாள் அகேயோ.
பிறகுதான் உட்கார்ந்தாள்.

கிசுமு ஏரிக்கரையில் மீன் இறங்கும் இடத்துக்கு
விடியுமுன் ஐஸ் கொண்டுபோகும் தொழில்.
போன வாரம்வரை இன்னொருவனுக்காக ஓட்டினாள்.
இனி சொந்தப் பெட்டி, சொந்த மோட்டார்சைக்கிள்
(முன்சக்கரம் அவளுடையது,
மற்றது வட்டிக்காரனுடையது).

எட்டுப் பெட்டிகள். எட்டிலும் ஒரே சின்னம் வேண்டும்.
"கரையில் எல்லாப் பெட்டியும் ஒரே வெள்ளை.
எது யாருடையது என்று
மூடியைத் திறந்து வைத்துச் சண்டை போடுகிறோம்,
சண்டை முடிவதற்குள் பாதி உருகிவிடுகிறது."

ஒரு மீன் கேட்டாள். மீனுக்குப் பின்னால் ஏரி.
ஏரிக்கு மேலே சூரியன், ஆனால் சுடக்கூடாது.
முடிந்தால் ஒரு பென்குயின்.
பென்குயின் எங்கே பார்த்தாய் என்றேன்.
"ஐஸ்கிரீம் வண்டியில். நம்பலாம் போலிருந்தது."
அப்புறம் பெயர். அப்புறம் ஃபோன் நம்பர்.

கணினியில் பென்குயினின் வயிறுவரை வந்திருந்தேன்,
கரண்ட் போனது.
நல்லதாய்ப் போயிற்று.

ஸ்டிக்கர் ஈரத்தில் உரியும்.
அச்சடிக்கக் கொடுத்தால் நிறத்துக்கு ஒரு விலை,
அவளிடம் இருந்த பணம் அரை நிறத்துக்குத்தான் காணும்.
மிஞ்சியது ஒரே வழி:
தகட்டில் வெட்டிய ஓட்டை, ஒரு டப்பா நீல ஸ்ப்ரே.
"ஓட்டைக்கா காசு?" என்றாள்.

ஓட்டையிலும் கணக்கு இருக்கிறது, அகேயோ.
மீனை வெட்டினால் கண் கழன்று விழும்.
விழாமல் பிடிக்க ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும்.
விட்டுப் பார்த்தேன்,
மீன் அழுதது.
பூஜ்யத்துக்கு வயிறு விழும், எட்டுக்கு இரண்டு வயிறு.
உன் நம்பரில் மூன்று எட்டு.

அட்டையில் வெட்டியது இரண்டாவது பெட்டியிலேயே ஊறிக் கிழிந்தது.
மறுநாள் பழுப்பு உறையோடு வந்தாள்.
உள்ளே எக்ஸ்ரே.
இடது தோள், கழுத்தெலும்பு,
அதில் மயிரிழையாய் ஒரு விரிசல்.
போன மழையில் நாற்பது கிலோ ஐஸோடு சறுக்கியது.
உடைந்த ஐஸுக்கு முதலாளி
சம்பளத்தில் பிடித்துக்கொண்டானாம்.
"இது ஊறாது" என்று
என் குடிதண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டினாள்.

ஐஸுக்கு நிறம் கிடையாது,
கண் இல்லை, வால் இல்லை.
ஒரு சதுரம் போட்டேன்.
"ஜன்னல்" என்றாள்.
கீழ்மூலையைக் கொஞ்சம் வளைத்துக் குறைத்தேன்.
பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மூன்றாவது கடைக்குப் போகும்போது
சரியாக இப்படித்தான் இருக்கும்."

பெயர் வேண்டாமா என்றேன்.
அதை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

பிளேடு கழுத்தெலும்பின் குறுக்கே போனது.
அவள் கை தன்னையறியாமல்
தோளுக்குப் போய்த் திரும்பியது.

எட்டாவது பெட்டியில் ஸ்ப்ரே தீர்ந்து
சதுரம் சோகைபிடித்ததுபோல் வந்தது.
கடன் சொல்பவர்களுக்கு அந்தப் பெட்டி என்றாள்.

மாதம் ஒன்று ஆனது.
கரையில் யாருக்கும் அது ஐஸாகத் தெரியவில்லை.
"கடிச்ச ரொட்டி வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்களாம்.
சின்னப் பையன்கள் அவளையே அப்படிக் கூப்பிடுகிறார்களாம்.
சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று
நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

பாக்கி ஐம்பது ஷில்லிங்கை வைத்தாள்.
நாணயங்கள் ஈரமாக இருந்தன.
"வெட்டி எடுத்த துண்டு எங்கே?"

மேஜைக்கால் ஆடுகிறதென்று
அடியில் சொருகி வைத்திருந்தேன்.
குனிந்து உருவிக் கொடுத்தேன்.
துடைத்தாள், வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
விரிசல் முழுசாக அதில்தான் இருந்தது.

"டாக்டர் கேட்டால் காட்டணும்" என்று
உறைக்குள் போட்டுக்கொண்டு
வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

மேஜை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.