அடகுச் சீட்டின் கடைசி நான்கு எண்கள்

அவர் தரும் நோட்டு எப்போதும் ஈரம்.
ஐஸ் கொம்பனியில் வேலை.
விடியப்புறம் மூன்று மணிக்குப் பாளம் உடைத்துப்
படகுகளுக்கு ஏற்றிவிட்டு
எட்டரைக்கு என் பெட்டிக்கு முன் வந்து நிற்பார்
குணநாயகம் அண்ணன்.
ஊறிச் சுருங்கிய விரல்களால்
ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் பார்ப்பார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

எண்கள் எங்கிருந்தெல்லாமோ வரும் அவருக்கு.
மூதூர் பஸ்ஸின் இலக்கத் தகடு.
மகள் டெங்குவில் கிடந்த வார்ட்டின் கட்டில்.
கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு,
ஆகவே ஏழு.
கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஒருநாள்
அடியடியாய் எண்ணிக்கொண்டு போனாராம்.
நடுவில் யாரோ கூப்பிட்டுக் கணக்குத் தவறிவிட்டது.
அதுவும் சகுனம்தானே என்று
தவறிய எண்ணையே கேட்டு வாங்கினார்.

போன ஆடியில் அவருக்கு இருபதாயிரம் விழுந்தது.
பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சோடா,
எனக்கு ஒரு கேக்.
அவர் தோற்றது அன்றைக்குத்தான்.
அதுவரை நாளுக்கு இரண்டு சீட்டு.
அதற்குப் பிறகு பதினைந்து.

"ஒரு எண்ணில தப்பிட்டுது தங்கச்சி."
நாற்பத்தேழு கேட்டாராம், நாற்பத்தெட்டு வந்ததாம்.
பக்கத்து வீடுபோலச் சொல்வார்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
கொட்டியாரக் குடாவே கிடக்கிறது என்று
நான் சொன்னதில்லை.
சீட்டு விற்கிறவள் நான்.
என் மகன் டியூஷனில் நிகழ்தகவு படிக்கிறான்,
அந்தக் காசில் பாதி அவருடைய ஈர நோட்டு.

புரட்டாதியில் அவர் மனைவி வந்தாள்.
திலகேஸ்வரி என்று பெயர் சொன்னாள்.
சண்டைக்கு வந்தாள் என்றே நினைத்தேன்.
குடைக்குள் ஒதுங்கி, மெல்ல,
"அவருக்குக் கடன் மட்டும் குடுக்காதைங்கோ" என்றாள்.
கொப்பியில் அவர் பக்கத்தை நான் மூடி வைத்தேன்.
மூடுமுன் அவள் பார்த்துவிட்டாள்.
கழுத்தில் ஒன்றும் இல்லை,
மஞ்சள் கயிறு தவிர.

மறுவாரம் அவர் ஒரு கடதாசியோடு வந்தார்.
வங்கி முத்திரை, கிராம் கணக்கு,
மூலையில் நீள இலக்கம்.
"கடைசி நாலும் வாற சீட்டு இருக்கோ?
அவளின்ர கொடி இது. சும்மா போகாது."

இருந்தது.
மேல்வரிசையில் மூன்றாவதாகத்
துறைமுகக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.
நான் அதை உள்ளங்கையால் மறைத்தேன்.
"வித்துப் போச்சு அண்ணன்."

ஆர் வாங்கினது என்றார்.
தெரியாது என்றேன்.
கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்து நின்றார்,
போகிற ஒவ்வொருவர் சட்டைப்பையையும்.

இரவு அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன் இருந்தேன்.
மகன் கேட்டான்: அம்மா, நீங்களும் தொடங்கிட்டீங்களோ?
முதல் பந்து உருண்டது. சரி.
இரண்டாவது. சரி.
நாக்கு ஒட்டிப் போயிற்று.
விழக் கூடாது, விழக் கூடாது என்று
அந்த இரவில் இந்த நாட்டில்
கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது பிழைத்தது.
நான்காவதைப் பார்க்கவில்லை,
பின்வளவுக்குப் போய் முகம் கழுவினேன்.

காலை எட்டு மணிக்கே அவர் வந்துவிட்டார்.
கை குளிர், முகம் முழுக்க வெளிச்சம்.
"பார்த்தியோ தங்கச்சி, ரெண்டு எண் சரி!
கொடி கிட்டக் கொண்டுவந்திட்டுது."
ஈர நோட்டு இரண்டை நீட்டினார்.

மதிலோரம் ஒரு புள்ளிமான்
நேற்றைய சீட்டுகளை மென்றுகொண்டு நின்றது.
என்னுடையதும் அதில் கிடந்தது.
நான் நோட்டை வாங்கிப்
பெட்டியின் தகரத்தில் காய வைத்தேன்.