ஐந்து லிட்டர்

தையல் போட்டு,
காதில் மஞ்சள் வில்லை ஒன்றும் குத்தி
அனுப்பிவிட்டார்கள்.
நகராட்சி வண்டியிலிருந்து தள்ளாடி இறங்கியது பொம்போரா.
எங்கள் ஒன்பது மாடிக்கும் பொதுவான நாய்,
அதாவது
யாருடையதும் அல்லாத நாய்.

பத்து நாள் நக்கவிடாதீர்கள்,
கழுத்துக்குக் கூம்பு வாங்குங்கள் என்றாள்
மருத்துவர் எத்தேரி.
ருஸ்தாவி முழுக்க விசாரித்தேன்.
இருபத்தெட்டு லாரி.
அதுவும் மடியில் வளரும் நாய்களின் அளவில்தான் இருக்கிறதாம்.

லிஃப்ட் உண்டியலின் சாவி என்னிடம்.
காசு போட்டால்தான் ஏறும் எங்கள் லிஃப்ட்,
இறங்குவது இலவசம்.
திறந்து எண்ணினேன்:
பதினோரு லாரி,
செல்லாத துருக்கிக் காசு ஒன்று,
சட்டைப் பொத்தான் இரண்டு.

பால்கனிக்குப் போனேன்.
குழாய் வற்றும் நாள்களுக்கென்று
நான் சேர்த்து வைத்த பிளாஸ்டிக் எல்லாம் அங்கே
நகரமாய் வளர்ந்து நின்றது.

முதலில் சலவைத் திரவக் குடுவையை வெட்டினேன்.
கெட்டியானது, நீலம், பார்க்க மிடுக்கு.
மாட்டிய மறுநொடி
லாவெண்டர் வாசனையில் ஏழு தும்மல்.
ஒவ்வொரு தும்மலுக்கும்
என் வயிற்றில் தையல் இழுத்தது.
பக்கம் தெரியாமல்
கதவு நிலையில் மோதி நின்று
என்னைப் பார்த்தது. பார்க்க முயன்றது.

பிறகுதான் ஐந்து லிட்டர் தண்ணீர் பாட்டில்.
அடியை எடுத்தேன், கழுத்தை எடுத்தேன்,
நீளவாக்கில் ஒரு கீறல்.
கண்ணாடி போல வெளிச்சம் உள்ளே வந்தது.
ஆனால் விளிம்பு ரம்பம்;
என் கட்டைவிரல் முதல் சாட்சி.

இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து
விளிம்பை அதன்மேல் மெல்ல ஒற்றி ஒற்றித் திருப்பினேன்.
அழப்போகும் பிள்ளை உதட்டை மடிப்பது போல
பிளாஸ்டிக் தன்னைத் தானே உள்ளே மடித்துக்கொண்டது.
நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்தேன்.

'என்ன எரிகிறது அங்கே?'
நான்காம் மாடி ஒத்தார்.
உர ஆலையில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம்;
குரைப்பு தாங்காமல்
பொம்போராவின் பேரில் மூன்று மனு கொடுத்தவன்.
உள்ளாடைச் சட்டையோடு இறங்கி வந்து
கூம்பை வாங்கிப் புரட்டினான்.
'துளையை இவ்வளவு ஓரத்தில் போட்டால் கிழியாதா?
எனக்கு நாய் பிடிக்காது' என்றான்,
ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காட்டியபடி.
எட்டுத் துளை.
'பிடிக்கவே பிடிக்காது.'
என் பழைய காலுறையைக் கிழித்து நாடாவாக்கிக்
கோத்தும் கொடுத்தான்.

நாங்கள் இருவருமே யோசிக்காத ஒன்று இருந்தது.
கூம்பு என்றால் ஒலிபெருக்கி.

விடிகாலை குப்பை லாரி திரும்பியதும்
பொம்போரா ஒரே ஒரு குரல் கொடுத்தது.
அது விரிந்து, சுவரில் பட்டு,
படிக்கட்டு வழியாக
நேராக நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.
மார்ச் காற்று அதன் விளிம்பில் வாய் வைத்து ஊதும்போதெல்லாம்
நாய்க்கே திகைப்பு,
தன் தலைக்குள் யார் விசிலடிப்பது என்று.

தையலை அது தொடவில்லை.
ஒத்தார் தூங்கவில்லை.
நாள்களை என்னைவிடச் சரியாக எண்ணியவன் அவன்தான்.
பதினோராம் நாள் காலை ஆறேகாலுக்கு,
வேலையிலிருந்து வந்த கோலத்தில்
குந்தி உட்கார்ந்து
ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
நாய் அவன் மணிக்கட்டை நக்கிற்று,
பத்து நாள் பாக்கி முழுவதையும்.
அவன் கையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.
உடனே இழுக்கவில்லை என்பதையும்.

கழுவிக் காயவைத்து
லிஃப்ட் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.
'கூம்பு. தேவைப்பட்டால் எடுக்கவும்,
திருப்பி மாட்டவும்.'
ஆறாம் மாடிப் பூனை எடுத்தது.
எதிர்க் கட்டடத்திலிருந்துகூட ஒருத்தி வந்து கேட்டாள்.

நேற்று யாரோ அதையே உண்டியல் என்று நினைத்து
இருபது தெத்ரியைப் போட்டிருக்கிறார்கள்.
அடியில்லாத பாத்திரம்.
காசு நேராகத் தரையில் விழுந்து
உருண்டு, சுழன்று, படுத்தது
பொம்போராவின் மூக்குக்கு முன்னால்.
முகர்ந்தது.
தின்பதற்கில்லை என்று தெரிந்ததும்
அதன்மேல் மோவாயை வைத்துத் தூங்கிவிட்டது.