மூன்று பேர்

பதவி உயர்வுக் குழு கேட்கிறது:
இதுவரை எத்தனை கட்டுரை,
எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்,
வெள்ளிக்கிழமைக்குள்.

இரவுப் பணி. கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.
என்னையே தேடினேன்.
நான் மூன்று பேர் என்றது கணினி.

எஸ். தவமலர், பதினொரு கட்டுரை.
டி. சன்னாசி, இருபத்திரண்டு.
மூன்றாவது ஆள் ஏ. பி. சன்னாசி:
பிறப்புப் பத்திரத்தில்
என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே
சாய்கோடு போட்டு எழுதிய 'இன்னார் மகள்' என்பதை
முதலெழுத்துகள் என்று நினைத்து
எங்கோ ஓர் இயந்திரம் பெற்றுப்போட்டவர்.
அவருக்கு ஒரே கட்டுரைதான்.
மேற்கோள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு.

ஹெல்சிங்கியில் ஒருவர் எழுதுகிறார்:
மூச்சுத் திணறிப் பிறந்த சிசுவின் மூளையலையில்
முப்பத்தாறு மணிக்குள்
தூக்கமும் விழிப்பும் மாறிவரத் தொடங்கினால்
நம்பிக்கை வைக்கலாம்,
சன்னாசி காட்டியிருப்பதுபோல.

சன்னாசி காட்டவில்லை ஐயா.
சன்னாசி செந்தூலில் வீடு வீடாய்ப் போய்
மின்சார மீட்டர் பார்த்தவர்.
மூன்று நாய்க்கடி.
கடைசி இலக்கம் பாதி ஏறிப் பாதி ஏறாமல் நின்றால்
அது முழுசாய் விழும்வரை
வெயிலில் காத்திருந்து எழுதுவார்.
"ஏழும் இல்லை எட்டும் இல்லை, எப்படிடா எழுதறது?"
அதற்குக் கூடுதல் சம்பளம் கிடையாது.
அவர் போய்ப் பதினாறு வருஷம்.
போன மாதம்கூட யாரோ அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரையில் நாற்பத்தொரு சிசுக்கள்.
முப்பத்துமூன்றரை டிகிரியில்
எழுபத்திரண்டு மணி நேரம்
குளிர வைத்துக் காத்தவர்கள்.
அவர்களுக்கும் சொந்தப் பெயர் இல்லை.
தொட்டில் அட்டையில்
ஷாமினியின் குழந்தை, நூர் ஐனியின் குழந்தை,
லிம் சியூ லானின் குழந்தை.
நான் அதையும் அழித்து எண் போட்டேன்.

இரண்டாம் அட்டவணையின் அடியில்
பொடி எழுத்தில் ஒரு வரி:
தொடர்பு விட்டுப்போனவர்கள் நால்வர்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில்
ஒருவரும் அந்த வரியை மேற்கோள் காட்டவில்லை.

இருபத்தொன்பது அவர்களில் ஒருத்தி.
முப்பத்தோராம் மணியில் அவள் அலை
மெல்ல விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.
தாதி செல்வராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"தூங்குறா டாக்டர்" என்றாள்,
ஏதோ வீட்டுச் செய்தி சொல்வதுபோல.
அவள் அம்மா பர்மாவிலிருந்து வந்தவள்.
கையில் கடப்பிதழ் இல்லை. மருத்துவமனைக் கட்டணச் சீட்டு இருந்தது.
ஐந்தாம் நாள் தொட்டில் காலி.
தந்திருந்த எண்ணைக் கூப்பிட்டால்
சிலாயாங்கில் ஒரு கைப்பேசிக் கடைக்காரன் எடுத்தான்.
அடுத்த வருஷமும் அவன்தான் எடுத்தான்.
மூன்றாம் வருஷம் என் குரல் தெரிந்து
"இன்னும் இல்லை" என்றான்.

இருந்தால் இப்போது ஒன்பது வயது.
பென்சிலை எந்தக் கையால் பிடிக்கிறாள்,
மற்றக் கை எப்படி இருக்கிறது,
அது மட்டும் தெரிந்தால் போதும்.

திரையில் ஒரு கேள்வி:
இம்மூவரும் ஒருவர்தானா?
ஆம் என்று தட்டினால்
என் குறியீட்டெண் ஏழிலிருந்து பதினொன்றாகும்.
குழுவுக்குப் பதினொன்று போதும்.
அப்பா பூஜ்யம் ஆவார்.
இதென்ன பைத்தியக்காரத்தனம், அது அப்பா இல்லை,
ஒரு பிழை. தெரியும்.
விரல் அங்கேயே நின்றது.

அப்போதுதான் அழைப்பு.
காஜாங்கிலிருந்து ஒரு சிசு.
பிறந்து ஐந்து மணி நேரம்,
செராஸ் சாலையில் மழையோடு மழையாய்
ஆம்புலன்ஸுக்குள் கழிந்தது பாதி.
ஆறைத் தாண்டக்கூடாது.

ஓடினேன்.
பஞ்சால் உச்சந்தலையைத் துடைத்து
பசை வைத்து, கம்பி ஒட்டி,
குளிர்விரிப்பை முடுக்கினோம்.
திரையில் நேர்கோடு.
நேர்கோட்டில் எப்போதாவது ஒரு சிலிர்ப்பு.
"பெயர்?" என்றாள் செல்வராணி, அட்டையும் பேனாவுமாய்.
அம்மா பெயர் எழுது என்றேன்.

செவ்வாய், விடிகாலை நான்கு.
வெள்ளி விடிகாலை நான்குக்கு
அரை அரை டிகிரியாய்ச் சூடேற்றத் தொடங்குவோம்.
படிவம் அதற்கப்புறம்.