திருத்துமுன்

ராணிப்பேட்டை சிப்காட்.
ஞாயிற்றுக்கிழமை. தோல் வாடைக்கு மட்டும் விடுமுறை இல்லை.
ஷூ கம்பெனிக்குள் நாற்பத்தொரு ஸ்விட்ச்,
நாற்பத்தொரு மணி.

போன வாரக் கோடை இடியில் யூபிஎஸ் செத்தது.
குடோன் ஸ்விட்ச் மூன்றும்
1993 மார்ச் ஒன்றாம் தேதிக்குப் போய்விட்டன.
நினைவு தப்பினால் அவை போய் நிற்கும் நாள் அது.
அன்று நான் பிறந்திருக்கவில்லை.
அங்கே நின்றுகொண்டுதான்
இன்றைய ஏற்றுமதிப் பெட்டிகளுக்குக் கணக்கு எழுதுகின்றன.

"மணி வெக்கறதுக்கு இன்னாத்துக்குபா இஞ்சினியரு?"
கேட் டியூட்டி பூங்காவனம் கேட்டார்.
"சாவி கொடுக்கற வேலைதான்ணா."
சிரித்தார். டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினார்.
ரேக் அறைக்குள் நாற்பத்து மூன்று டிகிரி.

வேலை சின்னதுதான்.
வெளியே ஒரு நேர சர்வரைக் கோர் ஸ்விட்ச் கேட்கும்;
மற்றவை கோரைக் கேட்கும்.
ஐந்தரை மணி கூட்டிக்கொள் என்று ஒரு வரி.
ஃபயர்வாலில் நூற்றிருபத்து மூன்றாம் போர்ட்டைத் திறக்க
இன்னொரு வரி.
(யாரோ மூடியிருக்கிறார்கள். ஏனென்று எழுதிவைக்கவில்லை.)
தொண்ணூற்று மூன்றில் நிற்பவற்றை
முதலில் கையால் இழுத்து இன்றைக்குக் கொண்டுவந்தேன்.
பிறகு காத்திருப்பு.
அறுபத்து நாலு விநாடிக்கு ஒரு கேள்வி.
'அடுக்கு பதினாறு' என்று காட்டினால்
என்னிடம் மணி கேட்காதே என்று பொருள்.
பார்த்துக்கொண்டே இருக்கையில்
வரியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி முளைக்கும்.
நம்பிவிட்டது.

தையல் ஹால் ஸ்விட்சுக்கு வந்தபோது கை நின்றது.
பதினோரு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.
முப்பது வருடம் பிசகினால் யாரும் நம்பமாட்டார்கள்.
பதினோரு நிமிடத்தை எல்லோரும் நம்புவார்கள்.

விரல் வைக்கும் கருவி இதனிடம்தான் மணி கேட்கிறது.

"திமிரி வண்டில அமுலுன்னு ஒரு பொம்பள வரும்பா.
தெனம் சண்ட. நான் லேட்டு இல்லன்னு.
வண்டி எட்டு பதினெட்டுக்கு வந்துடுது,
நான்தானே கேட்ட தெறக்கறேன்.
கடைசி சீட்டு. கடைசியா எறங்கும்.
எட்டு இருவத்திரண்டு ஆயிடும் விரல் வெக்க."

எட்டு முப்பதுதான் எல்லை.
வரிசையின் முன்பாதிக்கு எட்டு இருபத்தொன்பது.
அமுலுவுக்கு எட்டு முப்பத்து மூன்று.
மூன்று தாமதத்துக்கு அரைநாள் சம்பளம்.

மேனேஜர் சுதாகர் போனில் சொன்னார்:
"சரி பண்ணிடுங்க, அவ்ளோதானே."
அதுதான் சங்கடம்.
சரி செய்துவிட்டால்
தப்பாக இருந்ததற்குச் சாட்சி இருக்காது.

டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதினேன்:
கடைசியாகக் கையால் மணி வைத்தது போன மே மாதம்.
வருடத்தில் அறுநூற்று அறுபது விநாடி.
நாளுக்கு இரண்டு விநாடிக்கும் குறைவு,
யாருக்கும் வலிக்காத அளவு.
எட்டு நிமிடத்தைத் தாண்டியது ஏறக்குறைய நூறு நாளுக்கு முன்.
ஞாயிறுகளைக் கழித்தேன். பொங்கல் அந்தப்பக்கம் போய்விட்டது.
இருபத்தெட்டு அரைநாள்.
பதினாலு நாள் கூலி,
அமுலுவுக்கு மட்டும்.
பூங்காவனத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.
தேதி போட்டார். மணியும் போட்டார்,
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து.

அப்புறம்தான் என்டர் தட்டினேன்.

பதிவேட்டில் 3:58க்கு அடுத்த வரி 3:47.
அந்தப் பதினோரு நிமிடம்
தையல் ஹாலில் இரண்டு தடவை நடந்திருக்கிறது.
இரண்டு தடவையும் ஊசிகள் எல்லாம் சும்மா இருந்தன.

திங்கள் காலை சலானைக் கொடுக்க வந்து கருவியருகே நின்றேன்.
திமிரி வண்டி திரும்பி நிற்பதற்குள்
முன்படிக்கட்டிலிருந்து குதித்து
செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார் ஒருவர்.
கழுத்து டோக்கனில் எஸ். அமுலு.
முதல் விரல்.
எட்டு பதினெட்டு.
திரையைப் பார்க்கக்கூட இல்லை,
உள்ளே போய்விட்டார்.

வரிசை நகர்ந்து நகர்ந்து
கடைசியில் வேறொரு பெண், புதுசு போல,
எட்டு இருபத்திரண்டுக்கு விரல் வைத்துவிட்டு
"லேட்டாண்ணா?" என்றாள் என்னிடம்.